தச்சுப் பட்டறை டஸ்ட் கலெக்டருக்கு ரிமோட்டும் பாதுகாப்பு கட்-ஆஃபும் இணைப்பது எப்படி?

கேள்வி இது: பட்டறையின் ஒரு மூலையில் 3 எச்.பி. மூன்று பேஸ் டஸ்ட் கலெக்டர் (மரத்தூளை உறிஞ்சும் மெஷின்) இருக்கிறது. டேபிள் சா, பிளேனர், பேண்ட் சா எல்லாம் எதிர்ப்பக்கம். ஒவ்வொரு முறையும் நடந்துபோய் ஸ்டார்ட்டரை அழுத்த வேண்டியிருப்பதால் ஆட்கள் அதை ஓட்டாமலே மரம் அறுக்கிறார்கள். கடையில் விற்கும் ரிமோட் ரிசீவரை வாங்கி நேராக மோட்டார் லைனில் போட்டுவிடலாமா? கூடவே என்னென்ன கட்-ஆஃப் வைக்க வேண்டும்?

ரிமோட் வைக்கும் யோசனை நல்லதுதான். பட்டன் தூரத்தில் இருந்தால் "ஒரே ஒரு வெட்டுதானே" என்று கலெக்டரை மறந்துவிடுவது எந்தப் பட்டறையிலும் நடப்பதுதான். மரத்தூள் வெறும் தும்மல் சமாச்சாரம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பொருட்களில் சேர்த்துவிட்டது. கலெக்டர் ஓடினால்தான் அதை வாங்கிய காசுக்குப் பலன்.

ஆனால் ரிசீவரை நேராக மோட்டார் லைனில் போடாதீர்கள். ரிமோட் என்பது "ஓடட்டுமா?" என்று கேட்கும் குரலாக மட்டும் இருக்க வேண்டும். அனுமதிப்பதும் நிறுத்துவதும் வயரிலும் காண்டாக்டரிலும் (தன் காயிலுக்குக் கரண்ட் வந்தால் இழுத்து மோட்டார் லைனை இணைக்கும் கனத்த ஸ்விட்ச்) இருக்க வேண்டும். கீழே நான் சொல்லும் எல்லாமே இந்த ஒன்றிலிருந்துதான் வருகிறது.

முதலில் நேர் இணைப்பு ஏன் கூடாது என்று பார்ப்போம். ரிசீவரின் ரிலேயில் 10 ஆம்பியர், 30 ஆம்பியர் என்றெல்லாம் அச்சடித்திருப்பார்கள். அது ஹீட்டர், பல்பு மாதிரியான லோடுக்கான கணக்கு. உங்கள் 3 எச்.பி. மோட்டார் ஓடும்போது இழுப்பது சுமார் 4.5 முதல் 5 ஆம்பியர்தான். ஆனால் ஸ்டார்ட் ஆகும்போது அதைப்போல் ஆறேழு மடங்கு இழுக்கும். தண்ணீர் மோட்டார் கண் இமைக்கும் நேரத்தில் வேகம் பிடித்துவிடும். கலெக்டரில் காற்றை உறிஞ்சும் இம்பெல்லர் கனத்த இரும்புச் சக்கரம் என்பதால் அது வேகம் பிடிக்கச் சில நொடிகள் ஆகும். அத்தனை நேரமும் அந்தப் பெரிய கரண்ட் ரிலேயின் சின்ன முனைகள் வழியாகத்தான் போக வேண்டும். ஒருநாள் இரண்டு முனையும் உருகி ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு ஆஃப் பட்டனை அழுத்தினால் "டக்" சத்தம்கூட வரலாம். மோட்டார் மட்டும் நிற்காது. அதோடு, ஒற்றை ரிலே ஒரு பேஸைத்தான் வெட்டும். மீதி இரண்டு பேஸில் ஓடிக்கொண்டே மோட்டார் காயில் கருகும்.

சிங்கிள் பேஸ் 2 எச்.பி. வைத்திருப்பவர்களுக்கும் இதே பேச்சுதான். ஓடும்போதே 10 முதல் 12 ஆம்பியர், ஸ்டார்ட்டிங்கில் 60-ஐத் தாண்டும். 16 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக் தாங்கும் என்று நினைக்க வேண்டாம்.

மோட்டாரைத் தூக்கவேண்டியது காண்டாக்டர். அதன் லேபிளில் ஏசி-1, ஏசி-3 என்று இரண்டு ஆம்பியர் கணக்கு இருக்கும். மோட்டாருக்கு ஏசி-3 எண்ணைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் மோட்டாருக்கு ஏசி-3-இல் 9 ஆம்பியர் போதும்; 12 இருந்தால் நிம்மதி. உங்களிடம் ஏற்கெனவே டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் (மோட்டாரை நேராக லைனில் போடும் வகை) இருக்கிறது என்றால் அதற்குள்ளேயே காண்டாக்டரும், கரண்ட் அளவுக்கு மீறினால் வெட்டும் ஓவர்லோட் ரிலேயும் இருக்கும். புதிதாக வாங்கும் முன் அதைத் திறந்து பாருங்கள். மெயினை அணைத்து, டெஸ்டரை மட்டும் நம்பாமல் மல்டிமீட்டர் வைத்து மூன்று பேஸிலும் கரண்ட் இல்லை என்று உறுதி செய்த பிறகு.

திறந்ததும் காண்டாக்டர் காயிலின் மேல் எழுதியிருக்கும் வோல்டேஜைப் படியுங்கள். பம்ப்செட்டுக்கென விற்கும் ஸ்டார்ட்டர்களில் பெரும்பாலும் 415 வோல்ட் காயில், இரண்டு பேஸுக்கு நடுவே மாட்டியிருப்பார்கள். ஸ்டார்ட்டர் பெட்டியோடு முடிகிற வேலைக்கு அது சரி. நாம் டேபிள் சா அருகே ஒரு ஸ்டாப் பட்டன், இம்பெல்லர் மூடியில் ஒரு ஸ்விட்ச் என்று பட்டறை முழுக்கக் கண்ட்ரோல் வயர் இழுக்கப்போகிறோம். மரத்தூளும் ஆணியும் கிடக்கும் இடத்தில் 415 வோல்ட்டை அப்படி இழுக்கக் கூடாது. காயிலை 24 வோல்ட் ஏசி காயிலாக மாற்றி, அதற்கு ஒரு கண்ட்ரோல் டிரான்ஸ்பார்மர் போடுங்கள். பல காண்டாக்டர்களுக்குக் காயில் தனியாகவே கிடைக்கும். டிரான்ஸ்பார்மர் 100 விஏ எடுத்தால், காயில் இழுக்கும் அந்த நொடியில் வோல்டேஜ் சரிந்து காண்டாக்டர் கடகடவென்று அடிக்காது. 24 வோல்ட்டின் ஒரு முனையை எர்த்தோடு இணைத்து, மறுமுனையில் ஃபியூஸ் வையுங்கள். எர்த் செய்த முனையில் காயிலின் ஏ2 என்ற முனை நேராகச் சேர வேண்டும். எல்லா ஸ்விட்சும் மறுபக்கம்தான். அப்போதுதான் எங்காவது வயர் தேய்ந்து இரும்பில் பட்டால் ஃபியூஸ் போகும். இல்லாவிட்டால் ஸ்டாப் ஸ்விட்சைத் தாண்டி மோட்டார் தானாகவே கிளம்பக்கூடும்.

இப்போது சர்க்யூட். சாதாரண ஸ்டார்ட்டரில் என்ன நடக்கிறது? பச்சைப் பட்டனை அழுத்தினால் காயில் இழுக்கும். காண்டாக்டரின் 13-14 என்ற துணை முனை மூடிக்கொண்டு, கையை எடுத்த பிறகும் காயிலைப் பிடித்து வைக்கும். கரண்ட் போனால் பிடி விடும். திரும்ப வந்தால் தானாக ஓடாது. இந்தக் குணம் பொன்னானது, இதை எக்காரணம் கொண்டும் இழக்கக் கூடாது. பலர் ரிமோட் போடும்போது முதலில் கெடுப்பதே இதைத்தான்: ரிசீவரின் ரிலேயை ஆன்-ஆஃப் ஸ்விட்ச் மாதிரி காயிலுக்கு நேராக வைத்துவிடுகிறார்கள். கரண்ட் போய் வந்ததும், கடைசியாக ஆனில் இருந்தோம் என்று ரிசீவர் நினைவு வைத்திருந்தால், ஆள் கை உள்ளே இருக்கும்போதே இம்பெல்லர் சுற்றும்.

நான் பரிந்துரைப்பது இரண்டு அடுக்கு. முதல் அடுக்கில் ஒரு சின்ன 24 வோல்ட் ரிலே. அதை 'ரெடி' ரிலே என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபியூஸிலிருந்து கிளம்பும் வயர் வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாக, கலெக்டர் அருகில் உள்ள எமர்ஜென்சி ஸ்டாப், டேபிள் சா அருகில் உள்ள எமர்ஜென்சி ஸ்டாப், இம்பெல்லர் மூடி ஸ்விட்ச், சூடு பார்க்கும் தெர்மோஸ்டாட், ஓவர்லோட் ரிலேயின் 95-96 முனை என எல்லாவற்றையும் கடந்து, 'ரெடி' என்று எழுதிய பட்டன் வழியாக அந்த ரிலேயின் காயிலுக்குப் போகும். ரெடி பட்டனைத் தவிர மற்ற எல்லாமே சாதாரண நிலையில் மூடியிருக்கும் முனைகள். எனவே எலி வயரைக் கடித்தாலும் மோட்டார் நிற்கும் பக்கம்தான் சாயும். ரெடி பட்டனுக்குப் பக்கவாட்டில் ரிலேயின் சொந்த முனை ஒன்று பிடித்துக்கொள்ள.

இரண்டாவது அடுக்கு, ரெடி ரிலேயின் இன்னொரு முனையிலிருந்து தொடங்கும். அங்கிருந்து சிவப்பு ஸ்டாப் பட்டன், ரிசீவரின் 'பி' (ஆஃப்) ரிலேயில் சாதாரணமாக மூடியிருக்கும் முனை, பிறகு பச்சை ஸ்டார்ட் பட்டன், பிறகு காண்டாக்டர் காயிலின் ஏ1. பச்சைப் பட்டனுக்குப் பக்கவாட்டில் இரண்டு: ஒன்று 13-14, இன்னொன்று ரிசீவரின் 'ஏ' (ஆன்) ரிலேயில் சாதாரணமாகத் திறந்திருக்கும் முனை. அவ்வளவுதான். ரிமோட்டில் ஏ-வை அழுத்தினால் பச்சைப் பட்டனை அழுத்திய மாதிரி. பி-யை அழுத்தினால் சிவப்பை அழுத்திய மாதிரி.

ரெடி ரிலே எதற்கு, ஒரே வரிசையில் எல்லாவற்றையும் போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். ரிசீவரின் ஏ ரிலே ஒட்டிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், அல்லது யாரோ பையில் வைத்திருக்கும் ரிமோட் நசுங்கி அழுந்தியபடியே இருக்கிறது. மூடியைத் திறக்கிறீர்கள், மோட்டார் நிற்கிறது. மூடியைச் சாத்திய கணமே மோட்டார் கிளம்பும். எமர்ஜென்சி பட்டனைத் திருகி விடுவித்தாலும் அதே கதை. ரெடி ரிலே இருந்தால் அது நடக்காது. கரண்ட் போனாலும், மூடி திறந்தாலும், ஓவர்லோட் விழுந்தாலும் ரெடி விழுந்துவிடும். யாராவது கலெக்டர் பக்கத்தில் வந்து நின்று, கண்ணால் பார்த்து, கையால் ரெடியை அழுத்தினால்தான் ரிமோட்டுக்கே உயிர் வரும். காலையில் ஒருமுறை, கரண்ட் போய் வந்தால் ஒருமுறை நடக்க வேண்டியிருக்கும். அந்த நடை அவசியம். அதை மிச்சப்படுத்த நினைக்காதீர்கள்.

ரிசீவர் வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். இரண்டு சேனல் இருக்க வேண்டும். ஒவ்வொரு ரிலேக்கும் காமன், திறந்த முனை, மூடிய முனை என மூன்று திருகு தனியாக வெளியே வந்திருக்க வேண்டும். சில மலிவு மாடல்களில் வெளியே வருவது 230 வோல்ட்டாகவே இருக்கும், அதை நம் 24 வோல்ட் கண்ட்ரோலில் கலக்கக் கூடாது. மூன்றாவது, அழுத்தும்வரை மட்டும் ரிலே இழுக்கும் மோடுக்கு அதை மாற்ற முடிய வேண்டும். ஒருமுறை அழுத்தினால் ஆன், மறுமுறை ஆஃப் என்ற டாகிள் மோடு வேண்டாம். நம் ஊரில் கிடைக்கும் 433 மெகாஹெர்ட்ஸ் ரிமோட்டுகளில் பழைய வகையில் அடையாளக் குறியீடுகளின் எண்ணிக்கை குறைவு, பக்கத்துப் பட்டறை ரிமோட்டோடு மோதலாம். ரிசீவருக்கு ரிமோட்டின் குறியீட்டைக் கற்றுக்கொடுக்கும் வகையை வாங்கி, பெட்டியில் வந்த உபரி ரிமோட்டுகளைப் பூட்டி வையுங்கள்.

ரிசீவரை இரும்புப் பெட்டிக்குள் வைத்தால் சிக்னல் எட்டாது. ஆன்டெனாவை வெளியே எடுங்கள், அல்லது பிளாஸ்டிக் பெட்டி போடுங்கள். பெட்டி எதுவானாலும் தூசி புகாத ஐ.பி. 65 தரம், வயர் நுழையும் இடமெல்லாம் இடுக்கை அடைக்கும் கிளாண்ட். காண்டாக்டர் ஒவ்வொரு முறை பிரியும்போதும் உள்ளே சின்னப் பொறி வரும். அங்கே மரத்தூள் படியக் கூடாது. காயிலுக்குக் குறுக்கே 100 ஓம், 0.1 மைக்ரோஃபாரட் கொண்ட ஸ்னப்பர் (ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் சேர்ந்த துண்டு) ஒன்றும் போட்டுவிடுங்கள். காயில் விடும்போது வரும் வோல்டேஜ் துள்ளலில் ரிசீவர் குழம்புவது நின்றுவிடும்.

எமர்ஜென்சி ஸ்டாப் என்பது மஞ்சள் பின்னணியில் சிவப்புக் காளான் தலை, அடித்தால் பூட்டிக்கொண்டு திருகினால் விடும் வகை. ரிமோட்டின் ஆஃப் பட்டனை எமர்ஜென்சி ஸ்டாப்பாக ஒருபோதும் எண்ண வேண்டாம். பேட்டரி தீர்ந்திருக்கும், ரிமோட் மரத்தூளுக்கடியில் கிடக்கும், அல்லது வேறொருவர் பையில் இருக்கும். அவசரத்தில் கை தேடுவது சுவரில் நிலையாக இருக்கும் ஒன்றைத்தான்.

வயலுக்கு மொபைலில் மோட்டார் போடுகிறார்களே, கலெக்டருக்கும் அப்படிச் செய்யலாமே என்பவர்களுக்கு: கிணற்று மோட்டாரின் இம்பெல்லருக்குள் யாரும் கைவிடுவதில்லை. கலெக்டரில் சுருள் அடைத்தால் கையை விட்டுத்தான் எடுக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத தூரத்திலிருந்து ஓட்டும் வசதி இந்த மெஷினுக்குத் தேவையே இல்லை.

மூடி ஸ்விட்சுக்குக் காந்த ரீட் ஸ்விட்ச் வேண்டாம். ஒரு காந்தத்தை ஒட்டி ஏமாற்றிவிடுவார்கள். மூடியோடு பொருத்திய இரும்பு நாக்கு உள்ளே நுழைந்தால்தான் மூடும் வகை நல்லது. அது இருந்தாலும் இம்பெல்லர் உடனே நிற்காது என்பதை மறக்கக் கூடாது. கரண்ட் வெட்டிய பிறகும் அது ஒரு நிமிடம்வரைகூடச் சுற்றிக்கொண்டிருக்கும், அதுவும் சத்தமில்லாமல். அதனால் மூடி ஸ்பானர் போட்டால்தான் கழலும்படி இருக்கட்டும். அடைப்பு எடுக்கும்போது மூடி ஸ்விட்சை நம்பி வேலை செய்யாதீர்கள். கலெக்டர் பக்கத்திலேயே லைனை முழுதாகத் துண்டிக்கும் ஒரு மூன்று துருவ ஐசொலேட்டர், பூட்டுப் போடும் துளையோடு. பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பிறகு கை வையுங்கள். சிங்கிள் பேஸ் மோட்டாரானால், மோட்டார் வயரில் கை வைக்கும் முன் கெபாசிட்டரையும் டிஸ்சார்ஜ் செய்ய வேண்டும்.

ஓவர்லோட் செட்டிங் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில்தான் பலர் தலைகீழாக நினைக்கிறார்கள். குழாய் அடைத்துக்கொண்டால் மோட்டார் திணறும், ஆம்பியர் ஏறும் என்பது பொதுவான நம்பிக்கை. கிளாம்ப் மீட்டரை ஒரு பேஸில் மாட்டிக்கொண்டு குழாய்களில் காற்றை அடைக்கும் எல்லா கேட்டுகளையும் மூடிப் பாருங்கள்: மோட்டார் சத்தம் கீச்சென்று உயரும், ஆம்பியர் இறங்கும். காற்று போகாததால் இம்பெல்லருக்கு வேலை குறைகிறது. மாறாக, குழாயைக் கழற்றிவிட்டு வாயைத் திறந்து ஓட்டினால்தான் ஆம்பியர் உச்சிக்குப் போகும், நேம் பிளேட்டைத் தாண்டவும் செய்யும். எனவே குழாய் மாட்டாமல் டெஸ்ட் ஓட்டி, ஓவர்லோட் விழுகிறது என்று டயலை ஏற்றி வைக்காதீர்கள். டயல் நேம் பிளேட் ஆம்பியரிலேயே இருக்க வேண்டும். ஸ்டார்ட்டிங்கிலேயே விழுந்தால், அது சீக்கிரம் விழும் கிளாஸ் 10 ரிலேயாக இருக்கலாம். நேரமெடுத்து வேகம் பிடிக்கும் கனமான இம்பெல்லருக்குக் கிளாஸ் 20 வாங்குங்கள். ரீசெட் எப்போதும் மேனுவலில் இருக்கட்டும். சிங்கிள் பேஸ் மோட்டாருக்கு மூன்று துருவ ஓவர்லோட் போடுவதென்றால் கரண்ட் மூன்று துருவத்திலும் வரிசையாகப் போகும்படி சுற்றி இணைக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு பேஸ் இல்லை என்று நினைத்து அது அடிக்கடி விழும்.

மூன்று பேஸ்காரர்கள் சிங்கிள் பேஸ் பிரிவென்டர் (ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் கருவி) வாங்கும்போது, பேஸ் வரிசை மாறினாலும் வெட்டும் மாடலைக் கேட்டு வாங்குங்கள். லைனில் வேலை செய்தவர்கள் இரண்டு பேஸை மாற்றி இணைத்துவிட்டால் உங்கள் கலெக்டர் எதிர்ப்பக்கம் சுற்றும். பம்ப் என்றால் தண்ணீர் குறைவதைப் பார்த்துக் கண்டுபிடிப்போம். கலெக்டர் எதிர்ப்பக்கம் சுற்றினாலும் அதே குழாயில் உறிஞ்சத்தான் செய்யும், பலம் மட்டும் வெகுவாகக் குறைந்திருக்கும். ஃபில்டர் அடைத்துவிட்டது என்று நினைத்து நாள்கணக்கில் அதைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். பிரிவென்டரின் முனையையும் முதல் அடுக்கு வரிசையிலேயே சேர்த்துவிடுங்கள்.

தீ விஷயத்துக்கு வருவோம். பழைய வீடு பிரித்த தேக்கு, நிலைக்கதவு, தூண் அறுக்கும் பட்டறைகளுக்கு இது மிக முக்கியம். மரத்துக்குள் ஒளிந்திருக்கும் ஆணித் துண்டு குழாயில் போய் இரும்பு இம்பெல்லரில் அடித்தால் பொறி. அந்தப் பொறி நேராகத் தூள் பைக்குள். அது அப்போதே எரியாமல் உள்ளே கனிந்துகொண்டிருந்து, எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு பற்றலாம். மிதக்கும் நுண்தூளுக்கு வெடிக்கும் சக்தியும் உண்டு. 2012-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பாபைன், லேக்லேண்ட் என்ற இரண்டு மர ஆலைகள் சில மாத இடைவெளியில் மரத்தூளால் வெடித்துச் சிதறின. ஒவ்வொன்றிலும் இருவர் இறந்தார்கள். நம்முடையது அந்த அளவு இல்லைதான், ஆனால் தூள் அதே தூள்.

இதற்காகத்தான் வரிசையில் அந்த 70 டிகிரி தெர்மோஸ்டாட். சூடானால் திறக்கும் வகையை வாங்கி, தூள் டிரம்மின் மேல்மூடியில் உட்பக்கச் சூடு படும்படி பொருத்துங்கள். தகரக்கூரைக்குக் கீழே கோடைச் சூட்டில் தானாக விழாதபடிதான் 70. அது தீயை அணைக்காது, முன்கூட்டியும் சொல்லாது. தீ பிடித்த பையை ஃபேன் மேலும் ஊதிவிடாமல் தடுப்பது மட்டும்தான் அதன் வேலை. மற்றது உங்கள் கையில்: ஆணி மரத்தை அறுக்கும் முன் மெட்டல் டிடெக்டர், இம்பெல்லருக்கு முன்னால் கனமானதைப் பிரிக்கும் ஒரு டிரம், கிரைண்டர் பொறியை இந்தக் குழாயில் விடவே கூடாது, மாலையில் டிரம்மைக் காலி செய்து தூளைக் கட்டடத்துக்கு வெளியே வைப்பது. கம்பிச் சுருள் உள்ள ஹோஸின் கம்பியை இரு முனையிலும் உரித்து எர்த்தோடு சேர்த்துவிடுங்கள். பனிக்காலத்தில் கையில் அடிக்கும் ஸ்டாட்டிக் ஷாக் நிற்கும்.

ரிமோட்டே வேண்டாம், மெஷின் ஓடினால் கலெக்டரும் தானாக ஓடட்டும் என்றால் அதற்கும் இதே சர்க்யூட் போதும். மெஷினின் ஒரு பேஸ் வயரை மட்டும் கரண்ட் சென்சார் வளையத்துக்குள் விட வேண்டும். கேபிளை முழுசாக விட்டால் எல்லா வயரின் காந்தமும் ஒன்றையொன்று அழித்து சென்சார் எதையும் பார்க்காது. சென்சாரின் முனையோடு ஆஃப்-டிலே டைமர் ஒன்றைச் சேர்த்து, ரிமோட்டின் ஏ இருந்த இடத்தில் போடுங்கள். இந்த ஏற்பாட்டில் 13-14 பிடிப்பைக் கழற்றிவிட வேண்டும். பிடித்து வைக்கும் வேலையை டைமரே செய்கிறது. டிலே 10 நொடிக்குக் குறையாமல் இருந்தால் குழாயில் நிற்கும் தூள் டிரம்முக்குப் போய்ச் சேரும். சின்னச் சின்ன வெட்டாகத் தொடர்ந்து போடுபவர்கள் இரண்டு மூன்று நிமிடமாகவே வையுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை நின்று கிளம்பினால் மோட்டார் காயில் ஆறவே நேரம் இருக்காது. ரிமோட் வைத்திருப்பவர்களும் வெட்டுக்கு வெட்டு அணைக்காமல் ஓடவிடுவதுதான் மோட்டாருக்கு நல்லது.

வயரிங்கை உரிமம் உள்ள வயர்மேனிடம் கொடுங்கள். மேலே சொன்ன இரண்டு அடுக்கையும் காகிதத்தில் வரைந்து அவர் கையில் கொடுத்து, பிறகு அதையே பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டி வையுங்கள். முடிந்ததும் மோட்டார் வயரைக் காண்டாக்டரிலிருந்து கழற்றிவிட்டு, காயில் இழுக்கிறதா விடுகிறதா என்று மட்டும் சோதியுங்கள். ஓடும் நிலையில் ஒவ்வொரு ஸ்டாப்பையும் அடியுங்கள், மூடியைத் திறங்கள், ஓவர்லோடின் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள்: ஒவ்வொன்றுக்கும் காண்டாக்டர் விட வேண்டும். திரும்பச் சரிசெய்ததும் தானாக இழுக்கக் கூடாது, ரிமோட்டுக்கும் இழுக்கக் கூடாது. மெயினை அணைத்துப் போடுங்கள், அப்போதும் அப்படியே. ரிசீவரின் சப்ளையைப் பிடுங்கிவிட்டு ரெடி, பச்சை, சிவப்புப் பட்டன்கள் வழக்கம்போல் வேலை செய்கின்றனவா பாருங்கள். கடைசியாக ரிமோட்டின் ஏ-வை ஒருவர் அழுத்திப் பிடித்திருக்க, இன்னொருவர் எமர்ஜென்சி பட்டனை அடித்துத் திருகி விடட்டும். திருகி விட்ட பிறகு காண்டாக்டர் இழுக்கவில்லை என்றால் மோட்டார் வயரை மாட்டி, இம்பெல்லர் சுற்றும் திசையைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கலாம்.